தொண்ணூற்றொரு சதவீதம்

27 பிப்ரவரி

தம்பிக்கு,

உன்னோடு இனி ஒரு வார்த்தை பேசமாட்டேன் என்று ஆறு வருஷத்துக்கு முன்னால் அம்மா அப்பா முன்னிலையில் சொன்னேன். அதில் மாற்றம் எதுவும் இல்லை. எழுதமாட்டேன் என்று சொன்னதாக நினைவில்லை. போனில் உன் எண்ணை முடக்கி வைத்திருக்கிறேன். அதை எப்படி விடுவிப்பது என்று எனக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளும் ஆசையும் இல்லை. ஆகவே தபால்.

விஷயத்துக்கு வருகிறேன். நான் இன்னும் அதே பிசியோதெரபி வேலைதான். பக்கவாதம் வந்தவர்கள், இடுப்பு முறிந்தவர்கள் வீடுகளுக்குப் போய், அவர்கள் என்னைத் திட்டத் திட்ட கை காலை அசைக்க வைக்கிறேன். செவ்வாய்க்கிழமைகளில் மலைத்தடம். மேலே கல்குவாரியைச் சுற்றி ஏழு நோயாளிகள். போய்வர நூற்று நாற்பத்திரண்டு கிலோமீட்டர்.

எங்கள் நிறுவனத்துக்குத் திடீரென்று காற்றின்மேல் அக்கறை வந்துவிட்டது. ஏப்ரல் ஒன்றாம் தேதி முதல் மின்சாரக் கார் வைத்திருப்பவர்களுக்கு மட்டுமே தடம். நிறுவனம் கார் தராது, அக்கறையை மட்டும் தரும். கார் இல்லாதவர்களின் தடங்கள் "தற்காலிகமாக ஒத்திவைக்கப்படும்" என்று மேற்பார்வையாளர் சுற்றறிக்கையை வாசித்தார். எங்கள் கட்டடத்தில் தற்காலிகமாக நிறுத்தப்பட்ட லிஃப்ட் ஒன்பது வருஷமாக மூன்றாவது மாடியில் நிற்கிறது.

மேலே ஒருவர் இருக்கிறார். முப்பது வருஷம் கிரேன் ஓட்டியவர். நவம்பரில் வலது பக்கம் விழுந்துவிட்டது. இப்போதுதான் கட்டிலிலிருந்து ஜன்னல்வரை வருகிறார். நான் ஒரு மாதம் போகாவிட்டால் மறுபடி கட்டிலோடு ஒட்டிக்கொள்வார். அப்படி ஒட்டிக்கொண்டவர்களை இரண்டாம் தடவை எழுப்ப என்னால் முடிந்ததில்லை. ஏழு பேரில் மூன்று பேர் கதை இதுதான்.

புதுக் கார் என் சக்திக்கு மீறியது. பழசுதான். மேலே சார்ஜ் போட இடமில்லை. அங்குள்ள வீட்டு வயரில் காரைச் செருகினால் தெருவே இருட்டாகிவிடும். ஒரே சார்ஜில் ஏறி இறங்கி வீடு வந்து சேரவேண்டும். நீ பேட்டரி பரிசோதனை நிலையத்தில் இருப்பதாக அம்மா சொன்னாள். என் கேள்வி ஒன்றே ஒன்று: பழைய மின்சாரக் காரின் பேட்டரி எந்த நிலையில் இருக்கிறது என்று வாங்குவதற்கு முன்னால் எப்படிக் கண்டுபிடிப்பது?

தகவல் போதும். அபிப்பிராயம் வேண்டாம். என் கல்யாணத்துக்குப் பதினைந்து நாள் இருக்கும்போது மாப்பிள்ளையைப் பற்றி நீ டைப் அடித்து, நடுக்கூடத்தில் நின்று வாசித்த இரண்டு பக்க அபிப்பிராயம் இந்த ஜென்மத்துக்குப் போதும். "நீண்டகால உபயோகத்துக்கு ஏற்றவர் அல்ல" என்று அதில் ஒரு வரி வரும். அவர் இப்போது பக்கத்து அறையில் துணி மடித்துக்கொண்டிருக்கிறார். நல்ல உபயோகத்தில் இருக்கிறார்.

அக்கா

4 மார்ச்

அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. மகிழ்ச்சி என்று எழுதினால் அது அபிப்பிராயமாகிவிடும். எனவே, கிடைத்தது.

தகவல் பின்வருமாறு. கார் பேட்டரி ஒரு தனிப் பொருள் அல்ல, ஒரு கூட்டம். நீ வாங்கக்கூடிய அளவுக் காரில் தொண்ணூற்றாறு ஜோடி செல்கள் வரிசையாக இருக்கும். எல்லோரும் கைகோர்த்து நடக்கிறார்கள் என்று வைத்துக்கொள். ஒருவர் நொண்டினால் மற்ற தொண்ணூற்றைந்து பேரும் அவர் வேகத்தில்தான் நடக்கவேண்டும். அவர் உட்கார்ந்தால் எல்லோரும் உட்காரவேண்டியதுதான். நடை விஷயம் உனக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை.

முதலில், ஓடிய கிலோமீட்டரை நம்பாதே. அதைப் பார்த்து பேட்டரியை எடைபோடுவது, செருப்பின் தேய்மானத்தைப் பார்த்து ஒருவரின் இருதயத்தைச் சொல்வது போன்றது. ஓடாமல் வெயிலில் முழுச் சார்ஜோடு நின்ற கார், நாள் முழுக்க ஓடிய காரைவிடச் சீக்கிரம் கிழடாகும்.

திரையில் "இன்னும் இத்தனை கிலோமீட்டர் போகலாம்" என்று ஓர் எண் வரும். அதுவும் கணக்கில் சேராது. கடைசியாக ஓட்டியவர் எப்படி ஓட்டினாரோ அதை வைத்துக் கார் போடும் ஊகம் அது. விற்பவர் முந்தின நாள் சைக்கிள் வேகத்தில் உருட்டியிருந்தால் மறுநாள் திரை பெருமை பேசும்.

உறுதியாகத் தெரிய ஒரே வழிதான். நூறு சதவீதம் சார்ஜ் போட்டு, சாதாரண வேகத்தில், பத்து சதவீதம் வரும்வரை ஓட்டவேண்டும். மொத்தம் எத்தனை யூனிட் செலவானது என்பதைக் காரே பயணக் கணக்கில் காட்டும். அது தொண்ணூறு சதவீதத்துக்கான யூனிட். அதிலிருந்து முழுக் கொள்ளளவு வந்துவிடும். நான்கு, ஐந்து மணி நேரம் பிடிக்கும். யாரும் செய்வதில்லை.

உன் தடத்துக்கு: புதிதாக இருந்தபோது நாற்பது யூனிட் கொண்ட கார் என்றால், மலையேற்றத்தையும் சேர்த்து இருபத்தேழு யூனிட் ஆகும். மழையும் குளிரும் சேர்ந்தால் முப்பது. கையிருப்பாக ஒரு யூனிட்டாவது வேண்டும். ஆக, முப்பத்தொன்றுக்குக் குறைந்த பேட்டரியோடு நீ மேலே போகக்கூடாது. இது அபிப்பிராயம் அல்ல, கணக்கு.

எங்களுடையது போன்ற நிலையங்கள் சான்றிதழும் தருகின்றன. அதைப் பற்றித் தனியாக எழுத ஒன்றும் இல்லை.

தம்பி

8 மார்ச்

தம்பிக்கு,

தகவல் பயன்பட்டது. முதலில் ஓய்வுபெற்ற ஆடிட்டர் ஒருவரின் காரைப் பார்த்தேன். மூன்று பக்கம் கண்ணாடி போட்ட கொட்டகையில், மெத்தை உறைபோல் ஒரு துணியால் மூடி வைத்திருந்தார். துணியை விலக்கிய விதத்தைப் பார்த்தால் உள்ளே யாரோ தூங்குகிறார்கள் என்று நினைப்பாய். ஐந்து வருஷத்தில் ஆறாயிரம் கிலோமீட்டர். "எப்பவும் நூறுலதான் வச்சிருப்பேன்மா. தொண்ணூத்தொன்பது ஆச்சுன்னா எனக்குச் சாப்பாடு இறங்காது," என்றார். நீ எழுதியது ஞாபகம் வந்தது. அந்த வெயிலில், அந்தக் கண்ணாடிக்குள், அந்த நூறோடு ஐந்து வருஷம். அனுதாபம் சொல்லிவிட்டு வந்தேன். அவருக்கு ஏன் என்று புரியவில்லை.

அப்புறம் பழைய கார் கடை ஒன்று. கடைக்காரர் வெள்ளைச் சட்டை, இரண்டு போன், ஒரே சிரிப்பு. நீல நிறக் கார். முப்பத்தோராயிரம் கிலோமீட்டர், ஒரே கை. "மேடம், நீங்க தேடி வந்தது இதைத்தான், உங்களுக்கே இன்னும் தெரியல, அவ்வளவுதான்," என்றார். பேட்டரி எப்படி என்றேன். "கேப்பீங்கன்னு தெரியும். படிச்சவங்க எல்லாரும் கேக்கறாங்க. இந்தாங்க," என்று பிளாஸ்டிக் உறை போட்ட ஒரு தாளைக் கொடுத்தார். உன் நிலையத்தின் சான்றிதழ். "பேட்டரி நலம்: 91%." உன் வாய்ப்பாட்டில் போட்டுப் பார்த்தேன். முப்பத்தாறு யூனிட்டுக்கு மேல். மலை ஏறலாம், மழையில் ஏறலாம், வழியில் நின்று பூ பறிக்கலாம்.

கீழே கையெழுத்து உன்னுடையது. பள்ளிக்கூட ரேங்க் அட்டையில் அப்பா கையெழுத்தைப் போட்டுப் பழகிய அதே சுழி. நகல் இணைத்திருக்கிறேன்.

வாங்குவதாகக் கடைக்காரரிடம் வார்த்தை கொடுத்துவிட்டேன். உன்னை நம்புகிறேன் என்று அர்த்தம் செய்துகொள்ளாதே. சான்றிதழை நம்புகிறேன்.

அக்கா

12 மார்ச்

அக்காவுக்கு,

அந்தக் காரை வாங்கவேண்டாம். அதன் டிக்கி சிறியது. உன் பயிற்சிச் சாமான்கள் கொள்ளாது. டயர்களும் எப்படி இருக்கின்றனவோ. நீல நிறம் சீக்கிரம் மங்கும் என்றும் சொல்கிறார்கள்.

வேறு பார்.

தம்பி

15 மார்ச்

தம்பிக்கு,

நல்ல மனிதர் ஒருவரை வேண்டாம் என்று சொல்ல உன்னிடம் இரண்டு பக்கக் காரணம் இருந்தது. ஒரு காரை வேண்டாம் என்று சொல்ல நான்கு வரி. அதிலும் ஒன்று நிறம்.

டிக்கியை அளந்தேன். சாமான்கள் கொள்ளும். நானே கொள்வேன். டயர்கள் புதியவை. நிறம் மங்கினால் என் நோயாளிகளில் யாரும் நடப்பதை நிறுத்தமாட்டார்கள்.

நீ பொய் சொன்னால் எனக்குத் தெரியும். சின்ன வயசில் பொய் சொல்லும்போது மட்டும்தான் உன் வாக்கியங்கள் குட்டையாக இருக்கும். சான்றிதழில் தொண்ணூற்றொன்று என்று கையெழுத்துப் போட்டவன் நீ. அதே காரை வாங்காதே என்பவனும் நீ. இரண்டு பேரில் யார் என் தம்பி என்று தெரியவேண்டும்.

இன்று மேற்பார்வையாளர் என் மேஜைக்கு வந்தார். "மலைத்தடத்தை லிஸ்ட்ல இருந்து எடுத்துடலாமா? உங்களுக்கும் ரெஸ்ட்தானே," என்றார். "மேல இருக்கறவங்களுக்கு ரெஸ்ட் ஜாஸ்தியாயிடுச்சு சார், அதுதான் வியாதியே," என்றேன். குறிப்பேட்டில் ஏதோ எழுதிக்கொண்டு போனார்.

வியாழக்கிழமை பத்து மணிக்குக் கடைக்குப் போகிறேன். அதற்குள் காரணம் வந்தால் படிப்பேன். வராவிட்டால் கையெழுத்துப் போட்டு காரை எடுத்து வருவேன். நம் குடும்பத்தில் யோசிக்காமல் கையெழுத்துப் போடுவது புதிதல்ல.

அக்கா

18 மார்ச் (கூரியரில்)

அக்காவுக்கு,

கடைசி வரியை நீ கோபத்தில் எழுதியிருப்பாய். அது உண்மை. இதை நான்கு தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். இது ஐந்தாவது.

இந்த வேலையில் சேர்ந்தபோது ஒரு காருக்கு ஐந்து மணி நேரம் எடுத்தோம். ஓட்டினோம், சார்ஜ் போட்டோம், அளந்தோம். இங்கே எல்லோரும் என்னை "டாக்டர்" என்று கூப்பிட ஆரம்பித்தது அப்போதுதான். பிறகு முதலாளி கண்காட்சி ஒன்றுக்குப் போய் ஒரு ஸ்கேனரோடு திரும்பினார். காரில் செருகினால் பத்து நிமிஷத்தில் ஓர் எண் வரும். அந்த எண் எங்கிருந்து வருகிறது? காரின் கணினியே தன் பேட்டரியைப் பற்றி வைத்திருக்கும் மதிப்பு அது. வேலைக்கு விண்ணப்பிப்பவர் தன்னைப் பற்றித் தானே எழுதும் நன்னடத்தைக் குறிப்பு என்று வைத்துக்கொள். சில கடைக்காரர்கள் விற்பதற்கு முன் அந்தக் கணினியின் நினைவை அழித்துவிடுவார்கள். அழித்ததும் கார் தன்னைக் குழந்தையென்று நினைத்துக்கொள்ளும். அந்த நேரம் பார்த்து எங்களிடம் கொண்டுவருவார்கள். நாங்கள் அதன் பேச்சைக் கேட்டு, முத்திரை குத்தி அனுப்புவோம். ஒரு நாளைக்கு முப்பத்தெட்டு கார்.

அந்த நீலக் கார் எனக்கு ஞாபகம் இருக்கிறது. ஸ்கேனரில் இன்னொரு பக்கம் உண்டு. செல்களின் அளவு ஒவ்வொன்றும் தனித்தனியாக வரும் பக்கம். பார்க்கவேண்டும் என்று விதி இல்லை. நான் பார்ப்பேன். அதில் ஐம்பத்திரண்டாவது ஜோடி மற்றவர்களைவிட நன்றாகக் கீழே இருந்தது. நொண்டுகிறது. ஆனால் எங்கள் படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை. எண் எழுத ஒரு கட்டம், கையெழுத்துக்கு ஒரு கட்டம், முத்திரைக்கு ஒரு வட்டம். முதலாளியிடம் ஒருமுறை கேட்டேன். "கட்டம் இல்லாத விஷயம் நமக்கு எதுக்குடா டாக்டர்?" என்றார். அப்போதிலிருந்து, நொண்டும் செல் தெரிந்தால் எங்கள் பிரதியின் ஓரத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைப்பேன். மனசாட்சிக்கு இடம் ஒதுக்கியது அவ்வளவுதான்: ஒரு புள்ளி. அது வெளியே போகும் தாளில் இருக்காது.

இன்னொன்று. அத்தானை நான் அந்த அறிக்கைக்கு முன்னால் பார்த்தது ஒரே ஒரு தடவை. கண்ணாடிக் கடையில், அவர் யாருக்கோ மூக்குக்கண்ணாடிக் கால் திருகிக்கொண்டிருந்தார். பத்து நிமிஷம் இருக்கும். அதிகம் பேசவில்லை. அதை வைத்து இரண்டு பக்கம் எழுதினேன். ஸ்கேனர் வருவதற்கு முன்பே நான் போட்ட முதல் பத்து நிமிஷச் சான்றிதழ் அதுதான்.

காரை வாங்காதே. அல்லது என் பேச்சையும் நம்பாமல் ஓட்டிப் பார். அதுதான் சரி.

தம்பி

21 மார்ச்

தம்பிக்கு,

ஓட்டிப் பார்த்தேன்.

நேற்று பத்து மணிக்குக் கடையில் நின்றேன். "கையெழுத்துக்கு முன்னாடி ஒரு சின்ன டெஸ்ட் டிரைவ்," என்றேன். கடைக்காரர் உற்சாகமாக என் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார். "தாராளமா மேடம். இந்தத் தெருமுனை வரைக்கும் போய்ட்டு வந்தாலே காதல் வந்துடும்," என்றார். திரையில் நூறு சதவீதம். தெருமுனை வந்தது. நான் திரும்பவில்லை.

இருபதாவது கிலோமீட்டரில், "மேடம், யூ டர்ன் போயிடுச்சே," என்றார். பத்து சதவீதம் வரும்வரை ஓட்டப்போகிறேன் என்று சொன்னேன். அதை நகைச்சுவை என்று நினைத்து நாற்பதாவது கிலோமீட்டர்வரை சிரித்தார். எழுபதில் ஒரு போனை அணைத்தார். தொண்ணூறில் ஏசியைக் குறைக்கலாமா என்றார். "குளிருதா?" என்றேன். "இல்ல, சும்மா, பேட்டரிக்கு," என்றார். "பேட்டரிதான் தொண்ணூத்தொண்ணாச்சே," என்றேன். அதற்குமேல் அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நீ சொன்ன எதையும்விட அந்த ஏசிக் கேள்விதான் எனக்குத் தெளிவாகச் சொன்னது. தன் சரக்கை முழுசாக நம்புகிறவன் காற்றில் சிக்கனம் பார்க்கமாட்டான்.

இருபத்து மூன்று சதவீதம்வரை மரியாதையாக இறங்கி வந்தது. பிறகு ஒரு மேம்பாலத்தில் ஏறும்போது, நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, இருபத்து மூன்று பதினாறு ஆயிற்று. நடுவில் எந்த எண்ணும் இல்லை.

"இது என்ன?" என்றேன்.

"சில நேரம் அப்படித்தான் மேடம். கண் சிமிட்டற மாதிரி."

"நான் சிமிட்டினா ஏழு சதவீதம் காணாமப் போறதில்லையே."

நூற்று அறுபதாவது கிலோமீட்டரில் பத்து வந்தது. செலவான யூனிட் இருபத்தாறு புள்ளி ஆறு. சாலையோரத்தில் நிறுத்தி, அவர் பேனாவை வாங்கி, அவர் சான்றிதழின் பின்பக்கத்திலேயே கணக்குப் போட்டேன். முழுக் கொள்ளளவு இருபத்தொன்பதரை. தொண்ணூற்றொன்று இல்லை, எழுபத்து நான்கு. வெயில் நாளில் மலை போய்வருவேன். மழை நாளில் வீட்டுக்குச் சில கிலோமீட்டர் முன்னால், இருட்டு வளைவு ஒன்றில், காரும் நானும் ஒத்திவைக்கப்பட்டிருப்போம்.

கடைக்காரர் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நான் என்ன மேடம் பண்றது? சர்ட்டிபிகேட் போட்டவங்ககிட்டப் போய்க் கேளுங்க," என்றார்.

"கேட்டுட்டேன். என் தம்பிதான்."

திரும்பி வரும் வழியில் சார்ஜ் போட நின்ற இடத்தில் அவர் டீ வாங்கிக் கொடுத்தார்.

இத்தோடு முடிந்திருந்தால் உனக்கு நன்றி சொல்லி நிறுத்தியிருப்பேன். கடைக்குத் திரும்பியபோது இளம் ஜோடி ஒன்று காத்திருந்தது. இரண்டு பேரும் பள்ளி ஆசிரியர்கள், நகருக்கு வெளியே வேலை. அதே நீலக் காருக்கு. கடைக்காரர் அதற்குள் சட்டையைச் சரிசெய்துகொண்டு சிரிப்பை மாட்டிக்கொண்டார். நான் அவர்களிடம் நேராகவே சொன்னேன்: ஓட்டிப் பார்த்தேன், எழுபத்து நான்குதான். அந்தப் பையன் என்னைப் பார்த்தான், தாளைப் பார்த்தான். "ஆனா பேப்பர்ல தொண்ணூத்தொண்ணுன்னு இருக்கே மேடம். ஸீல் எல்லாம் இருக்கு," என்றான். அவன்மேல் தப்பில்லை. இரண்டு வாரத்துக்கு முன்னால் நானும் அதையேதான் சொன்னேன். எனக்காவது கேட்க ஒரு தம்பி இருந்தான்.

இம்மாதக் கடைசியில் வாங்கப் போகிறார்கள். பள்ளியின் பெயரைக் கேட்டு வைத்திருக்கிறேன். அந்தச் சான்றிதழை நீ ரத்து செய்யவேண்டும். புள்ளி வைத்து அல்ல, கையெழுத்துப் போட்டு. எனக்கு ஒரு பிரதி அனுப்பு, நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன்.

எனக்கு இன்னும் கார் இல்லை. பதினோரு நாள் இருக்கிறது.

அக்கா

25 மார்ச்

அக்காவுக்கு,

இணைத்திருப்பது ரத்துக் கடிதம். கடைக்காரருக்கு ஒன்று பதிவுத் தபாலில் போய்விட்டது.

நிலையத்தின் தாளில் அடிக்க முதலாளி விடவில்லை. உரையாடலைச் சுருக்காமல் தருகிறேன்.

"ஒண்ணை கேன்சல் பண்ணினா மீதியையும் கேப்பாங்கடா. தெரியுதா?"

"தெரியுது சார். மீதியையும் எடுத்து வச்சிருக்கேன்."

"எடுத்து வச்சிருக்கியா? எத்தனை?"

"புள்ளி வச்சது இருநூத்திப் பன்னெண்டு."

முதலாளி உட்கார்ந்தார். நாற்காலி பின்னால் இருக்கிறதா என்று பார்க்காமல் உட்கார்ந்தார். நல்லவேளை, இருந்தது. "உனக்கு யாருடா புள்ளி வைக்கச் சொன்னது? டாக்டர்னு கூப்பிட்டது தப்பாப் போச்சு," என்றார். பிறகு குரலை இறக்கி, அந்தத் தாள்களைக் கிழித்துவிட்டால் எனக்குத் தலைமைப் பரிசோதகர் பதவி என்றார். இப்போது அந்தப் பதவியில் இருப்பவர் யார் என்று கேட்டேன். அப்படி ஒரு பதவி இதுவரை இல்லை என்றார்.

தாள் நிலையத்துடையது, கையெழுத்து என்னுடையது. அதனால் வெறும் வெள்ளைத் தாளில் எழுதினேன்: "இன்ன எண் காருக்கு நான் அளித்த சான்று, முழுப் பரிசோதனை செய்யாமல் அளிக்கப்பட்டது. அதைத் திரும்பப் பெறுகிறேன்." தேதி, பெயர், கையெழுத்து. முத்திரை இல்லை. ஆசிரியர்கள் முத்திரை எங்கே என்று கேட்டால், முத்திரை இருந்ததால்தான் இந்தக் கடிதமே தேவைப்பட்டது என்று சொல்.

மறுநாள் காலை ஸ்கேனரை என் மேஜையிலிருந்து எடுத்துவிட்டார்கள். இப்போது வாசலில் டோக்கன் கொடுக்கிறேன். வேலையைவிட்டு அனுப்பவில்லை, அனுப்பினால் வெளியே போய் என்ன பேசுவேனோ என்று பயம். டோக்கன் வாங்க வருபவர்களிடம், "பத்து நிமிஷமா, அஞ்சு மணி நேரமா? எது வேணும்?" என்று கேட்கிறேன். அஞ்சு மணி நேரம் இங்கே இல்லையே என்கிறார்கள். "இல்லதான். தெரிஞ்சுக்கோங்க," என்கிறேன். இரண்டு பேர் திரும்பிப் போய்விட்டார்கள். இந்த வேலையிலும் எத்தனை நாள் இருப்பேன் என்று தெரியவில்லை.

இருநூற்றுப் பன்னிரண்டு பேருக்கும் கையால் எழுதுகிறேன். இதுவரை பத்தொன்பது. ஒரே வாசகம்தான், ஆனால் நகல் எடுக்க மனம் வரவில்லை. ஸ்கேனர் சொன்னதை நகல் எடுத்துத்தான் இங்கே வந்து நிற்கிறேன்.

உன் காருக்கு வருகிறேன். உங்கள் ஊர் விளம்பரங்களைப் பார்த்தேன். டாக்சியாக ஓடிய கார் ஒன்று இருக்கிறது, நாற்பது யூனிட். ஓடியது ஒரு லட்சத்து எண்பத்தெட்டாயிரம். எண்ணைப் பார்த்து மயங்கி விழாதே. சொந்தக்காரருக்கு போன் செய்தேன். எப்படிச் சார்ஜ் போடுவீர்கள் என்றேன். "வீட்டு பிளக்லதான் சார். எண்பது வந்ததும் புடுங்கிட்டுக் கிளம்பிடுவேன். அந்த பாஸ்ட் சார்ஜர் பக்கமே போகமாட்டேன், அங்க ஒரே கியூ, எனக்குப் பொறுமையே கிடையாது," என்றார். பேட்டரியைப் பாதுகாக்க இதைவிட நல்ல முறையை எந்தப் புத்தகமும் சொல்லாது. அவருக்கு அது தெரியாது, அவசரக்காரர், அவ்வளவுதான்.

நன்றாக இருக்கும் என்று நினைக்கிறேன். நினைப்பதோடு சரி. பார்க்காத காருக்கு நான் எண் சொல்வதில்லை. ஓட்டிப் பார்.

தம்பி

2 ஏப்ரல்

தம்பிக்கு,

டாக்சிக்காரரின் காரை வெள்ளிக்கிழமை ஓட்டினேன். பத்து சதவீதம்வரை ஓட்டவேண்டும், ஐந்து மணி நேரம் ஆகும் என்றதும், "அஞ்சு மணி நேரமா? நான் எதுக்குக்கா, நீங்களே ஓட்டிட்டு வாங்க," என்று சாவியைக் கையில் கொடுத்துவிட்டு இறங்கிப் போய்விட்டார். தன் காரை அப்படிக் கொடுத்த ஒரே ஆள் அவர்தான். முப்பத்து நான்கு யூனிட். எண்பத்தைந்து சதவீதம். எந்த எண்ணும் தாவவில்லை, ஒவ்வொன்றாக இறங்கி வந்தது. இருக்கைகள் கிழிந்திருக்கின்றன, பின்கதவு ஒன்று வெளியிலிருந்து மட்டும் திறக்கும், உள்ளே நாலு வருஷத்துப் பயணிகளின் வாசனை. வாங்கிவிட்டேன்.

ஆசிரியர்களிடம் உன் வெள்ளைத் தாளைக் கொடுத்தேன். அந்தப் பெண் இரண்டு தடவை படித்தாள். "தப்புன்னு எழுதிக் கையெழுத்துப் போட்ட பேப்பரை நான் இதுக்கு முன்னாடி பார்த்ததில்ல," என்றாள். காரை வாங்கவில்லை. கடைக்காரர் இப்போது அதைக் கடைக்குப் பின்னால் நிறுத்தியிருக்கிறார். என்னைக் கண்டதும் இரண்டு போனிலும் பேச ஆரம்பித்துவிடுகிறார்.

உன் பதினெட்டாம் தேதிக் கடிதத்தை உன் அத்தானிடம் படித்துக் காட்டினேன். "மச்சான் எழுதினது முழுக்கத் தப்புன்னு சொல்ல முடியாது. எனக்கே சில நாள் அந்தச் சந்தேகம் வரும்," என்றார். பிறகு போய்ப் பாத்திரம் கழுவினார். நான் இன்னும் கோபமாகத்தான் இருக்கிறேன். அவர் இல்லை என்பதைத் தகவலாகச் சொல்கிறேன்.

நேற்று செவ்வாய். மலைக்குப் போனேன். விடிந்ததிலிருந்து மழை. முதல் வளைவிலேயே கண்ணாடி மங்கிவிட்டது, ஹீட்டர் போடாமல் வழியில்லை. மேலே சேரும்போது நாற்பத்தாறு சதவீதம். பாதிக்கும் கீழே. பாதி வழிதான் வந்திருக்கிறேன். ஏழு வீட்டிலும் அந்த எண்ணை மனசில் வைத்துக்கொண்டே வேலை செய்தேன். கிரேன்காரர் வாசற்படிவரை வந்து நின்று, "இந்த டப்பாலயா வந்தே? நல்ல கிரேனா இருந்தா தூக்கிக் கீழ வச்சிருப்பேன்," என்றார். இடது கையால் காட்டினார். வலது கையால் காட்டச் சொன்னேன். திட்டிக்கொண்டே காட்டினார்.

இறங்கும்போது நடந்ததை நீ முன்னாலேயே எனக்குச் சொல்லியிருக்கலாம். பிரேக்கில் கால் வைக்க வைக்க எண் ஏறியது. நாற்பத்தேழு. நாற்பத்தெட்டு. அடிவாரத்தில் ஐம்பது. செலவழித்ததைக் கொஞ்சம் திருப்பித் தரும் எந்தப் பொருளையும் நான் இதுவரை வைத்திருந்ததில்லை. ஒரு கணம் இயந்திரக் கோளாறு என்றே நினைத்து, ஓரம் கட்டிக் கையேட்டைப் பார்த்தேன். பிறகு சமவெளி. அங்கே மறுபடி இறங்கத் தொடங்கியது. நகருக்குள் போக்குவரத்து நெரிசல், வைப்பர் ஓடியபடி, ஹீட்டர் ஓடியபடி. அணைக்கவில்லை. அணைத்துத்தான் வீடு சேரமுடியும் என்றால் அது என் கார் இல்லை. வாசலில் நிறுத்தும்போது பன்னிரண்டு.

இன்று மேற்பார்வையாளர் அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறார்: "நிறுவனத்தின் முன்னோடி முயற்சியால் மலைத்தடம் வெற்றிகரமாக மின்மயமாக்கப்பட்டது." கீழே அவர் கையெழுத்து. நிறுவனம் எந்த யூனிட்டைப் போட்டது என்று கேட்க நினைத்தேன். தடம் பட்டியலில் இருக்கிறது. அது போதும்.

பேட்டரி வருஷத்துக்கு ஓரிரண்டு சதவீதம் குறையும் என்று கையேடு சொல்கிறது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை பத்துவரை ஓட்டி அளக்கப்போகிறேன். முப்பத்தொன்றுக்குக் கீழே வரும் அன்று அடுத்த காரைத் தேடுவேன். அதுவரை யார் சொன்னாலும் ஒத்திவைப்பதாக இல்லை.

நீ மீதியை எழுதி முடி. இன்னும் எத்தனை என்று கேட்கமாட்டேன். ஒன்றையும் நகல் எடுக்காதே. உன்னை டோக்கன் மேஜையிலிருந்தும் எழுப்பிவிட்டால் எழுது. ஐந்து மணி நேரம் உட்கார்ந்து கார் ஓட்டிப் பார்க்கத் தெரிந்த ஆள் வேண்டும் என்று அந்த ஆசிரியர்கள் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். இன்னொரு கார் பார்த்திருக்கிறார்கள். அதற்கும் முத்திரையோடு ஒரு தாள் இருக்கிறதாம்.

அடுத்த செவ்வாயும் மழை என்கிறார்கள். எட்டு மணிக்குக் கிளம்புகிறேன்.

அக்கா